ஸ்மார்ட் பாயின் குண்டூசி

எழுபதுகளில் திருவண்ணாமலையில் நிமிர்ந்து நடந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஸ்மார்ட் பாய் தைத்த பேண்ட் போட்டவர்கள்தான். குனிந்தால் கிழியும் என்பது வேறு விஷயம்.

தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் கடை. 'ஸ்மார்ட் டைலர்ஸ்' என்று போர்டு. அவருடைய சொந்தப் பெயர் என் டைரியில்கூட இல்லை. 'ஸ்மார்ட்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்து நாள் முழுக்கப் பேசுவார். சட்டை கச்சிதமாக அமைந்தால் ஸ்மார்ட். கம்மித் துணியில் முழுக்கை வெட்டினால் அது ஸ்மார்ட் மூளை. வேகமாகப் போக வேண்டுமா? "ஸ்மார்ட்டா நட!" குறை சொல்லும் வாடிக்கையாளருக்கு, "இன்னா, ஓவர் ஸ்மார்ட்டா?"

ஒருநாள் அகராதியைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன்: "பாய், சுருக்குனு குத்தி எரியறதுக்கும் ஸ்மார்ட்னுதான் பேரு."

கத்தரிக்கோல் நின்றது. "அப்போ எரிச்சல் டைலர்ஸ்னா நான் போர்டு மாட்டியிருக்கேன்? உன் புக்குல அச்சுப் பிழை தம்பி."

வேலூரில் எனக்குக் குமாஸ்தா வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. ஏற்கெனவே இரண்டில் தோற்றவன். வயது வரம்பு அந்த மாதத்தோடு முடிகிறது. இதை விட்டால் சர்க்கார் வேலை கிடையாது. பாய் வெள்ளைச் சட்டை தைத்து, கடைசிப் பித்தான் வரை தானே மாட்டிவிட்டார்.

"கழுத்தை ஆட்டாத. காலர் ஸ்மார்ட்டா நிக்குது."

நின்றது. காரணம் வேலூரில்தான் தெரிந்தது.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்மார்ட்டா இருக்கீங்க. அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் தெரியும்?"

பாயை நினைத்துக்கொண்டு நான்கு சொன்னேன்.

"வினைச்சொல்லா வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

அகராதியில் பார்த்தது நினைவுக்கு வரவில்லை. தலை குனிந்தேன். காலருக்குள்ளிருந்த குண்டூசி கழுத்தில் ஏறியது.

"மை நெக் ஸ்மார்ட்ஸ், சார்!"

வேலை கிடைத்தது. உத்தரவோடு கடைக்கு ஓடினேன். "பாய், நீங்க காலர்ல மறந்துபோன குண்டூசிதான் வேலை வாங்கிக் கொடுத்துது!"

"மறந்தனா?" சந்துக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு எழுந்து நின்றார். "தெரிஞ்சேதான் வெச்சேன். நேரத்துல ஞாபகம் வரட்டும்னு!"

"அச்சுப் பிழைன்னீங்களே?"

"ஓவர் ஸ்மார்ட் ஆவாத. போய் டீ சொல்லு."

இத்தனை வருஷ டைரிகளில் பஸ் கிளம்பிய நிமிஷம் வரை பிசகாமல் எழுதியிருக்கிறேன். அன்றைய பக்கத்தில், 'குண்டூசியைப் பாய் வேண்டுமென்றே வைத்தார்' என்று இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் இன்றுவரை நான் திருத்தவில்லை.