இணையமைச்சருக்கு நான் அளித்த வரவேற்பு

கூட்டணி அரசில் ஒருவர் எப்படி அமைச்சர் ஆனார் என்று கண்டுபிடிப்பது எளிது. ஆகி என்ன செய்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். என் ஆயுளில் பாதியை அந்த எளிதான வேலைக்குக் கொடுத்திருக்கிறேன். மதுரை கோச்சடையில் என் வீட்டுக்கு வந்தால், எந்தக் கட்சி எந்தத் துறையைக் கேட்டது, எதை வாங்கிக்கொண்டு வாயை மூடியது, பதவியேற்பு நாளில் யார் கோபித்துக்கொண்டு விடுதி அறையிலேயே உட்கார்ந்திருந்தார் என்பதையெல்லாம் தேதியோடு சொல்வேன். (இந்தக் கட்டுரையில் தேதி கிடையாது. வீட்டுக்காரி உத்தரவு. ஏன் என்பது கீழே தெரியும்.)

என் மனைவியின் அண்ணன் சோலைமலை, கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். நான்குவழிச் சாலை வந்து, ஊரை இந்தப் பக்கமும் வயலை அந்தப் பக்கமுமாக அறுத்துப் போட்டுவிட்டது. கடக்க வழி வைக்கவில்லை. நாற்று நடப் போகிற பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுத்தடுப்பில் ஏறி இறங்க வேண்டும். மச்சானின் இரண்டு பசுக்கள் அங்கே அடிபட்டுச் செத்தன. பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பு முறிந்து இன்னும் படுக்கையில் கிடக்கிறார். ஊர் கேட்டது ஒரு சுரங்கப்பாதை. ஆளும் மாடும் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து, அவ்வளவுதான்.

யார் யார் காலிலோ விழுந்து, சாலைத் துறையின் இணையமைச்சர் திருச்சியிலிருந்து மதுரை வரும் வழியில் பத்து நிமிடம் இறங்கச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். அவர் கூட்டணியின் ஒரு குட்டிக் கட்சியைச் சேர்ந்தவர். எனக்கு அரசியல் தெரியும் என்று வரவேற்புரையை என்னிடம் ஒப்படைத்த மச்சான், போனில் தெளிவாகத்தான் சொன்னார்.

“மாப்ள, வாங்கன்னு சொல்லுங்க. சப்வே வேணும்னு சொல்லுங்க. அம்புட்டுதான்.”

அதைக் கேட்டிருந்தால் நான் மனிதன். ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தேன். தன் வரலாற்றை வேறொருவன் ஒரு நாள்கூடப் பிசகாமல் சொன்னால் எந்த அமைச்சரும் நெகிழ்ந்துபோவார் என்று மனதார நம்பினேன். (அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

பந்தலில் அமைச்சர் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். அவர் முதலில் எதிர்க் கூட்டணியில் ஜவுளித் துறையைப் பார்த்தது, தேர்தல் நெருங்கியதும் அதைவிட்டு வெளியேறியது, இந்தக் கூட்டணியில் உணவு பதப்படுத்தும் துறையைக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது, காலையில் ராஜினாமா அனுப்பி மாலையில் திரும்பப் பெற்றது என்று எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன். “அண்ணன் ஒருவருக்கு இடம் கொடுக்கவே ஒரு துறையைக் கூறு போட்டார்கள் என்பது இந்த மண்ணுக்குப் பெருமை” என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். பின்வரிசையில் விசில் பறந்தது. எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. அமைச்சரின் உதவியாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் போலும் என நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தேன். சுரங்கப்பாதைக்கு நான் வந்து சேரவே இல்லை.

அமைச்சர் எழுந்து மைக்கை வாங்கினார். சிரித்த முகம்.

“அண்ணனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எந்தத் தேதியில எங்க இருந்தேன்னு எனக்கே ஞாபகமில்ல. ஆனா இம்புட்டு தெரிஞ்சவருக்கு ஒண்ணு தெரியல. பாலம், சப்வே எல்லாம் பெரிய அமைச்சர் கையில. எனக்குக் குடுத்தது டோல்கேட்டுல கக்கூஸ் சுத்தமா இருக்கான்னு பாக்குற வேலை. ஒங்க மனுவ வாங்கி நான் என்ன செய்ய?”

கார் கிளம்பிவிட்டது. மனுவும் ரோஜா மாலையும் மச்சான் கையிலேயே இருந்தன. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா மனுசன் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போயிருப்பாரு மாப்ள. ஒரு வருசமாவது நம்பிக்கிட்டு இருந்திருப்போம். அதையும் கெடுத்துட்டீகளே.”

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அமைச்சர் சொன்னது உண்மை. யாருக்கு என்ன வேலை என்ற அறிவிப்பு நாளிதழில் வந்திருந்தது. அதை நான் வெட்டி ஒட்டியும் வைத்திருந்தேன். பதவியேற்ற நாளைப் பார்த்த கண் அதற்குக் கீழே இறங்கவில்லை. என் மேல் வந்த கோபம் பாதி. மீதி, ஒரு சாலைக்கு இத்தனை அமைச்சர்களை வைத்து, மாடு செத்தால் கேட்க ஒருவர்கூட இல்லாமல் பார்த்துக்கொண்ட கெட்டிக்காரர்கள் மேல். பெரிய அமைச்சருக்கு நானே மனு அனுப்பினேன். பதில் வந்தது: தங்கள் கோரிக்கை உரிய நடவடிக்கைக்காக இணையமைச்சருக்கு அனுப்பப்பட்டுள்ளது.

அன்றிலிருந்து மச்சான் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் ஒருவருக்குப் பந்தி, ஒருவருக்குச் சமையல், ஒருவருக்கு மொய் என்று பிரித்துக் கொடுப்பார்கள். நான் இலாகா இல்லாத மந்திரி. மைக் இருக்கிற பக்கம் போக அனுமதி கிடையாது. போன மாதம் காதுகுத்துக்கும் அப்படித்தான். தின்றுவிட்டுக் கிளம்பினேன். மதுரை பஸ் எதிர்ப் பக்கம் நிற்கும். மச்சான் கூடவே வந்தார். தடுப்பின் மேல் ஏறி நின்று எனக்குக் கை நீட்டினார், பிடித்துக்கொண்டு ஏறினேன். இரண்டு பேரும் அதன் மேலேயே நின்றோம்.

“அவசரப்படாதீக மந்திரி,” என்றார். “லாரி போகட்டும்.”