எந்தச் சோடா?

அக்கராயன்,
ஞாயிற்றுக்கிழமை.

என்றும் மதிப்புக்குரிய பேச்சியம்மா அக்காவுக்குத் தம்பி மூக்கன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் இங்கு சுகம். பூவரசங்குளத்தில் நீங்களும் உங்கள் முழங்கால் வலியும் சமாதானமாக இருக்கிறீர்களா? போனில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று நம் மகள் வினோஜாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுகிர்தன், கிளிநொச்சியில் விஞ்ஞான வாத்தியார். அவர்கள் வந்து இறங்கும் நேரம் பார்த்துக் குசினி அடுப்படியிலிருந்து உங்கள் மச்சாள் சிவலட்சுமி, "ஓடிப்போய்ச் சோடா வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள். விருந்தாளி வந்தால் சோடா கொடுக்க எனக்குத் தெரியாதா? சைக்கிளை மிதித்துப் போய் ஒரேஞ் சோடாப் போத்தல்களோடு வந்தேன். அவள் தலையில் கை வைத்தாள். "கடலை அவியுதில்லையெண்டு அப்பச்சோடா கேட்டனான். இதை ஊத்தியே அவிக்கிறது?" மறுபடி ஓடினேன். கடைக்காரரிடம் மூச்சு வாங்கியபடி, "குடிக்கிற சோடா இல்லை, மற்றச் சோடா" என்றேன். அவர் தந்த பொட்டலத்தோடு விறாந்தையைக் கடக்கும்போது, கதிரையில் இருந்த மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"மாமா, இது உடுப்புத் தோய்க்கிற சோடா. சோடியம் காபனேற்று. கடலைக்குப் போடுறது சோடியம் இருகாபனேற்று. குடிக்கிறதுக்குப் பேர் மட்டும்தான் சோடா, உள்ள இருக்கிறது வாயு."

எனக்கு எதுவும் விளங்கவில்லை, பெரிதாகத் தலையாட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். தேத்தண்ணித் தட்டோடு வந்த நம் பிள்ளை நிமிர்ந்து, "இருகாபனேற்று பழைய பேர். இப்ப சோடியம் ஐதரசன் காபனேற்று எண்டுதான் சொல்லவேணும்" என்றாள். அக்கா, பார்க்க வந்தவரைப் பெண்ணே திருத்துகிறாள்!

"புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு" என்றார் அவர்.

"எந்தப் புத்தகத்தில? உங்கட அப்பா படிச்சதிலயோ?"

சம்பந்தம் போயிற்று என்று நான் சிவலட்சுமியைப் பார்க்க, அவள் கடலைச் சட்டியைப் பார்க்க, மாப்பிள்ளையின் தாயார் சிவனேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தார். "இவன் வீட்டில ஒருத்தரையும் வாய் திறக்க விடமாட்டான். எங்களுக்கு இந்தப் பிள்ளைதான் வேணும்" என்றார். கடலை கடைசிவரை அவியவில்லை. ஒரேஞ் சோடாவைக் குடித்தே சம்மதம் பேசி முடித்தோம்.

தையில் கல்யாணம். சோடாவுக்கு அர்த்தம் தெரியாத ஒருவன் தனியாக நின்று இந்தச் சம்பந்தத்தை முடித்துவிட்டான் என்று நெஞ்சு நிறைந்திருக்கிறது. கடவுள் உங்கள் முழங்காலுக்குப் பலம் தரட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

தங்கள் தம்பி,
மூக்கன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வாங்கி வாசித்த சிவலட்சுமி சிரிப்பை நிறுத்துகிறாள் இல்லை. இந்தப் பேர்ச் சண்டை நேற்றுத் தொடங்கியது இல்லையாம். வவுனியாவில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்தே வினோஜாவும் மாப்பிள்ளையும் இதைத்தான் பிடித்துக்கொண்டு திரிந்தார்களாம். தாய்மார் இருவரும் இந்தச் சம்பந்தத்தை எப்போதோ கதைத்து முடித்துவிட்டார்களாம். உங்களுக்கும் போன வருசமே சொல்லியாயிற்றாம். அக்கா, உண்மையே?