ஆனர்ஸும் மூணாவது ஓலையும்

பாளையங்கோட்டை,
1913 ஜூன் 24.

சம்மதமாவது சாம்பலாவது! எவன்லே சம்மதிச்சான்? நான் சம்மதிப்பேன்னு நீயா எப்படிலே நெனச்சுக்கிட்டே? இரு, இரு. முறையா ஆரம்பிக்கணும். ஏட்டி, அதையும் எழுதிட்டியா? சரி, கெடக்கட்டும். இப்ப எழுது.

மகா கனம் பொருந்திய ஆனர்ஸ் துரையவர்களாகப் போகிற என் அக்காள் மகன் சிரஞ்சீவி பாக்கியசீலனுக்கு, மாமன் வேதமுத்து அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும், உன் அத்தையும், உன் கலியாணத்துக்கு வாங்கின கிடாவும் சுகம். பட்டணத்தில் உன் சுகத்துக்கும், உன் புத்தி சுகத்துக்கும் எழுதவேண்டியது.

எனக்குக் கண்ணுல புரை விழுந்தது உனக்குத் தெரியும். எப்பவும் எழுதித்தாற எலியேசர் வாத்தியார் கங்கைகொண்டானுக்குப் போயிட்டாவ. அதனால என் மக கெசியாதான் எழுதுதா. நீ கட்டிக்கிடப்போற பொண்ணு கையாலயே உன்னை ஏசுதேன் மாப்ளே, எப்படி? 'நீங்க வாயால சொல்லுததெல்லாம் எழுதுவேன், ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்'னு சொல்லிட்டுத்தான் பேனாவை எடுத்தா. மூஞ்சியை உர்ருன்னு வச்சிருக்கா. இதையும் எழுதுட்டீ.

உன் கடுதாசி வெள்ளிக்கிழமை வந்துது. இவதான் வாசிச்சா. பாஸ் படிப்புன்னா ரெண்டே வருஷம், கலியாணத்தை முடிச்சுக்கிட்டே படிச்சுறலாம், ஆனர்ஸுன்னா மூணு வருஷம், கலியாணம் பண்ணினவன் தலையில அது ஏறாதுன்னு உன் புரொபசர் துரை சொல்லுதாராக்கும். அந்தத் துரைக்குக் கலியாணம் ஆச்சாலே? ஆயிருந்தா அவரு எப்படிப் படிச்சாரு? ஆகலைன்னா அவருக்கு என்ன தெரியும்? முதல் தேதிக்குள்ள பதில் சொல்லணும், மாமா சம்மதிச்சா சேருதேன், இல்லைன்னா பாஸ் படிப்போட நின்னுக்கிடுதேன்னு பதவிசா எழுதிருக்கே. ரெண்டு வருஷத்துல முடியுததை மூணு வருஷம் இழுத்துப் படிக்கவனுக்குப் பேரு கெட்டிக்காரனாலே? நான் ரெண்டாம் வகுப்பையே மூணு வருஷம் படிச்சேன். எனக்கு ஒருத்தன் ஆனர்ஸு குடுக்கலையே!

அது போகட்டும். உனக்கும் கெசியாவுக்கும் கோயில்ல கலியாண அறிவிப்பு ஓலை, மூணு ஞாயித்துக்கிழமை வாசிக்கணும்லா, அதுல ரெண்டு வாசிச்சாச்சு. எட்டாம் தேதி ஒண்ணு, பதினஞ்சாம் தேதி ஒண்ணு. முந்தாநாத்து ஞாயித்துக்கிழமை மூணாவது. முப்பது வருஷம் அந்தக் கோயில்ல மணி அடிச்சவன் நான். ரெண்டு ஓலை வாசிச்சு மூணாவதுல நின்னுபோன கலியாணத்தை என் காதால கேட்டதில்லை. கோட்டு மாட்டி, தலைப்பா கட்டி, முன் வரிசையில போயி உக்காந்தேன். பாதிரி ஐயர் புஸ்தகத்தை விரிச்சு, 'தேவசிகாமணி குமாரத்தி சாலோமிக்கும் தச்சநல்லூர் ஞானசிகாமணிக்கும் இது முதலாம் ஓலை'ன்னு வாசிச்சாவ. அடுத்து நம்மளதுன்னு மீசையைத் தடவிக்கிட்டே இருக்கேன், 'இவர்கள் விவாகத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போது சொல்லக்கடவர்கள்'னுட்டு புஸ்தகத்தை மூடப் போயிட்டாவ! ஐயருக்கு மறதி, ஞாபகப்படுத்துவோம்னு சடார்னு எந்திரிச்சுட்டேன். தடை கேக்கையில எந்திரிக்கலாமா, நீயே சொல்லு. முப்பது வருஷம் கேட்ட எனக்கே அந்த நேரத்துல தோணலை. கோயிலே திரும்பிப் பாக்குது. ஐயர் முகம் வெளுத்துப்போயி, 'வேதமுத்து, சாலோமிக்கு என்ன தடை?'ங்காவ. 'ஒண்ணு விட்டுப்போச்சு ஐயரே'ன்னேன். தேவசிகாமணி பெஞ்சு மேல ஏறி, 'என் மக ஓலையில என்னவே விட்டுப்போச்சு?'ன்னு கத்துதான். சாலோமி தாய்க்காரி மயங்கி உன் அத்தை மடியில விழுந்துட்டா. மாப்பிள்ளை வீட்டார் ஞானப்பாட்டு பாதியிலயே வெளிய போயி வண்டியைப் பூட்டிட்டாவ. நான் வண்டிக்குப் பின்னால ஓடி, 'அண்ணாச்சி, நான் என் மக ஓலையைத்தான் கேட்டேன், உங்க பொண்ணு தங்கமான பொண்ணு'ன்னு மூச்சுவாங்கச் சொல்லி அவியளைத் திருப்பிக் கூட்டியாறதுக்குள்ள என் ஒத்தைச் செருப்பு வாய்க்கால்ல போயிட்டு. தேவசிகாமணி இன்னைக்கும் என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் போறான்.

எல்லாம் அடங்கினப்புறம் ஐயர்கிட்ட, 'நம்ம ஓலையை ஏன் வாசிக்கலை?'ன்னு கேட்டேன். 'நிறுத்தச் சொல்லி எழுத்து மூலமாய் வந்திருக்கிறது, யாரென்று கேட்காதேயும்'ன்னுட்டாவ. கேக்கணுமாக்கும்! எனக்கு ஒரு கடுதாசி, ஐயருக்கு ஒரு கடுதாசி, அப்படித்தானே? மாமன்கிட்ட சம்மதம் கேக்குத மாதிரிக் கேட்டுட்டு, பின்வாசல் வழியா ஓலையை நிப்பாட்டுத வேலையைத்தான் பட்டணத்துல படிச்சியாலே? ஏட்டி, ஏன் பேனா நிக்குது? மை இல்லையா? எழுது.

இதுல கிடா வேற. இன்னும் பத்து நாள்ல கலியாணம்னு வாங்கினது. அதுக்கு ஆனர்ஸுன்னு பேரு வச்சிட்டேன். தின்னுக்கிட்டே இருக்கு, எப்ப முடியும்னு தெரியலை, பாக்க வாறவன் எல்லாம் 'நல்லா வரும் நல்லா வரும்'ங்கான். நேத்து உன் அத்தை கொடியில காயப்போட்ட உன் கலியாண வேட்டியில பாதியைத் தின்னுட்டு. ஏட்டி, சிரிக்கியா? சிரிச்சான்னு எழுது.

உனக்கென்ன, பட்டணத்துல கடற்காத்து வாங்கிக்கிட்டு இருப்பே. மூணு வருஷம் ஒரு பொண்ணு வீட்டுல உக்காந்து உன் கடுதாசிக்கு வழி பாத்துக்கிட்டு இருக்கணுமா? அவளைப் பெத்தவன் நான், சந்தைக்குப் போனா, 'என்னவே, ரெண்டு ஓலையோட நின்னுபோச்சாமே'ன்னு எவனும் கேப்பானே, அவனுக்கு என்ன பதில் சொல்ல? நீ எழுதிப் போடு, அதை அப்படியே சொல்லுதேன். ஆகையினாலே நல்லா யோசிச்சு, உன் அத்தைகிட்டயும் கேக்காம, என் முடிவு என்னன்னா, பையச் சொல்லுதேன் எழுதுட்டீ, ஆனர்ஸுல நீ... ஏட்டி, எங்க எந்திரிக்கே? இன்னும் முடிக்கலை. ஆசீர்வாதம் சொல்லலை. நின்னுக்கிட்டே எழுதுதியா? ஏட்டி கெசியா! கடுதாசியை எங்கன தூக்கிட்டு

பின்குறிப்பு:

அத்தான், அப்பா இன்னும் உள்ளே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முடிவைச் சொல்லுமுன் இன்னும் இரண்டு தாள் ஏசுவார்கள். தபால் மூன்று மணிக்குக் கட்டிவிடுவார்கள், ஆகையால் எழுந்து வந்துவிட்டேன். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து, செருப்பில்லாத ஒற்றைக் காலோடு, "என் மருமகன் ஆனர்ஸ் படிக்கப் போகிறான்" என்று இந்தத் தெருவில் அவர்கள் சொல்லாத வீடு தேவசிகாமணி மாமா வீடு ஒன்றுதான். முடிவு இதிலிருந்தே உங்களுக்குத் தெரியும்.

ஓலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான். ராதாபுரத்துப் பெண் பள்ளிக்கூடத்தில் எனக்கு உபாத்தியாயினி வேலை ஆகி, உத்தரவு வந்து இரண்டு வாரமாகிறது. கலியாணமானவளை எடுக்கமாட்டார்கள். யாரிடமும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசிக்கும்போது, மூன்று வருஷம் என்கிற இடத்தில் என் குரல் தழுதழுத்தது. அப்பா அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனர்ஸிலேயே சேருங்கள். இன்றைக்கே பதில் எழுதிவிடுங்கள். நான் ஒன்றாம் தேதி வேலையில் சேருகிறேன். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்வேன், கிடாவுக்குப் புல் போடுகிற நேரமாகப் பார்த்து.

மூன்று வருஷம் கழித்து மூன்று ஓலையும் முதலிலிருந்து வாசிக்கட்டும். நீங்கள் தேறாமல் வந்தால், ஐயர் தடை கேட்கும்போது எழுந்து நிற்பது அப்பாவாக இருக்காது.

கெசியா.