கழுத்துக்கு அடியில் ஒரு பட்டமளிப்பு அழைப்பிதழ்

"உறுமுது! மறுபடியும் உறுமுது!" என்று சவுனாவுக்குள்ளிருந்து இன்கா கத்தினாள்.

சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா ராய்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கதவைச் சாத்திட்டுக் கத்துடி. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துடப் போறார்."

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு சவுனா, அதாவது நீராவிக் குளியலறை, உண்டு. அடுப்புக் கல்லைச் சூடாக்கி வேர்க்க வேர்க்க உட்காருகிறவர்கள்தான் குறைவு. ராய்லி வீட்டுச் சவுனாவில் குளிர்காலக் கோட்டுகள், வாக்குவம் கிளீனர், கல்லில் தண்ணீர் ஊற்றும் செப்பு வாளி, அதற்குள் ஓர் அகப்பை எல்லாம் குடியிருந்தன. கூடவே இன்காவின் கிட்டாரும் ஒலிபெருக்கியும். சுவரெல்லாம் பலகை என்பதால் சத்தம் அவ்வளவாக வெளியே போகாது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்துதான் ஒரு நிமிடம் வாசித்து, போனில் பதிவு செய்து ஹெட்டாவுக்கு அனுப்பியிருந்தாள். ஹெட்டா தம்பெரே நகரத்தில் மூன்று பெண்களை வைத்து இசைக்குழு நடத்துகிறவள். மே தினத்தன்று தொழிலாளர் மன்றத்தில் நிகழ்ச்சி. அவர்களுடைய கிட்டார்க்காரி பனியில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டோம், ஆடிப்போயிட்டோம். வியாழக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அதே கிட்டாரை எடுத்துக்கோ" என்று பதில் வந்தது.

மூன்று வருடமாக வாய்ப்புக் கேட்ட குழுக்களெல்லாம் பதிலே போடாத இடத்தில் இப்படி ஒரு பதில்! அந்தப் பூரிப்பில் தன் பதிவைத் தானே பன்னிரண்டாவது முறை கேட்டபோதுதான், தடித்த அடித்தந்தியின் ஒலிக்குக் கீழே 'ர்ர்ர்' என்று ஏதோ உறுமுவது காதில் விழுந்தது. போனில் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். நேரில் கேட்டால் விடுவார்களா?

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. மணி பதினொன்று.

"கடையில கொடுக்க வேண்டியதுதானே?" என்றாள் ராய்லி.

"போன தடவை அந்தாளு 'உங்க அண்ணனோட கிட்டாரா?'ன்னு கேட்டான். எனக்கு அண்ணனே கிடையாது. செத்தாலும் அந்தக் கடைக்குப் போக மாட்டேன். நான் இயந்திரவியல் படிச்சவ. அதிர்வைப் பத்தி எண்பத்தாறு பக்கம் ஆய்வேடு எழுதியிருக்கேன்."

"தெரியும். மூணாவது பக்கத்துல தூங்கிட்டேன்."

அந்த வம்சத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் இன்கா. கூடப் படித்தவர்கள் 'எனக்குத் தெரியலையே' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்களுக்கு அது கட்டுப்படியாகும். தனக்கு ஆகாது என்று முதல் வருடமே முடிவு செய்திருந்தாள்.

முதலில் தந்திகளைத் தாங்கும் குதிரையை உயர்த்தினாள். தந்தி எழும்பி நின்றது. அழுத்திப் பிடித்து விரல் நுனி சிவந்தது. உறுமல் போகவில்லை.

"இன்கா, அந்த வாளி..." என்று கதவுக்கு வெளியே ராய்லியின் குரல்.

"வாளியை அப்புறம் எடுத்துக்கலாம்மா!"

அடுத்து, கிட்டார்க் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆறுமுனைச் சாவியால் தளர்த்தினாள். கால் சுற்று போதும் என்று இணையத்தில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவசரத்தில் அவள் முக்கால் சுற்றுச் சுற்றினாள். கழுத்து வில்லாக வளைந்தது. இப்போது சுருதியும் போயிற்று, உறுமல் மட்டும் போகாமல் அங்கேயே இருந்தது.

ராய்லி காபியை நீட்டினாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லாதே."

"இருபத்தெட்டு வருஷம் காகித ஆலையில நின்னவடி நான். எந்த உருளையில திருகு கழண்டிருக்குன்னு காதாலயே..."

"அம்மா, இது காகித மெஷின் இல்ல. இதுல கோணம் இருக்கு, கணக்கு இருக்கு."

"சரிங்க, மேடம்."

கம்பியைப் பழையபடி முறுக்கிவிட்டு இன்கா தீர்ப்புச் சொன்னாள்: கோளாறு கழுத்தின் கோணத்தில். நான்கு திருகையும் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுத்தாள். கிட்டார் உடலில் கழுத்து பொருந்தும் குழியின் அடியில் ஒரு துண்டு அட்டை வைத்தால் கழுத்து இம்மியளவு பின்னால் சாயும். கெட்டியான அட்டை வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று இருந்தது. வெட்டினாள், வைத்தாள், முறுக்கினாள்.

பாலெடுக்க வந்த ராய்லி ஃபிரிட்ஜ் முன்னால் அப்படியே நின்றாள்.

"இங்க இருந்த உன் பட்டமளிப்பு அழைப்பிதழ் எங்கடி?"

"கழுத்துக்கு அடியில."

"யார் கழுத்துக்கு?"

"கிட்டார் கழுத்துக்கு. ஒரு மூலை மட்டும்தாம்மா வெட்டினேன்."

"உன் பேர் இருந்த மூலை!"

"அளவு அங்கதான் சரியா இருந்துச்சு."

ராய்லி மிச்ச அழைப்பிதழைக் காந்தத்தில் மாட்டினாள். யாரோ ஒருத்திக்குப் பட்டம் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் அதில் பாக்கி இருந்தது.

கோணம் மாறியதில் தந்திகளெல்லாம் கழுத்தின் உலோகப் பட்டைகள் மேல் படுத்துக்கொண்டன. ஒரு தந்தி உறுமியது போய் இப்போது ஆறும் கொசு மாதிரி ரீங்கரித்தன. இன்கா பல்லைக் கடித்துக்கொண்டு குதிரையைத் துளித்துளியாக ஏற்றினாள். ஐந்து தந்தி வழிக்கு வந்தன. அடித்தந்தியைத் தட்டினாள்.

'ர்ர்ர்.'

போனை எடுத்துப் பார்த்தாள். மணி மூன்றரை.

"வெளிய வா. சாயந்திரம் சவுனா அடுப்பு மூட்டணும், இந்தக் கோட்டுகளையெல்லாம் எடுக்கணும்" என்று ராய்லி அவளையும் கிட்டாரையும் ஒலிபெருக்கியையும் சமையலறைக்குத் துரத்தினாள்.

இன்கா மேசையோரம் உட்கார்ந்து, நம்பிக்கையில்லாமல் அடித்தந்தியை மீட்டினாள்.

சுத்தம். மறுபடி மீட்டினாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

"அம்மா! போயிடுச்சு! நான் சொன்னேன்ல, கோணம்தான்!"

ராய்லி வாயைத் திறந்தாள். அழைப்பு மணி அடித்தது.

ஹெட்டா காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஏப்ரல் குளிரில் மூக்கு சிவந்திருந்தது. "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வாசி. ஞாயிற்றுக்கிழமை வாசிச்சியே, அதை."

இன்கா வாசித்தாள். ஒரு பிசிறு இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஹெட்டாவின் முகம் ஆறின காபி மாதிரி இருந்தது.

"நல்லாதான் இருக்கு," என்றாள் ஹெட்டா. "ஆனா அது எங்க?"

"எது?"

"அடியில ஒரு உறுமல் வருமே! பழைய மெஷின் மூச்சு விடற மாதிரி. நல்லா வாசிக்கிறவங்க ஊர்ல பத்துப் பேர் இருக்காங்க. அந்தச் சத்தத்துக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டோம்."

"அதை நான்... சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணிட்டியா?" ஹெட்டாவின் கண் காலணியின் பக்கம் போனது.

"இரு, இரு! பத்தே நிமிஷம்! திரும்பக் கெடுத்துடறேன்!" இன்கா ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு கிட்டார்க் கழுத்தின் மேல் பாய்ந்தாள். ஒரு திருகு உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. அதைத் தேடித் தரையில் குப்புறப் படுத்தாள்.

சவுனாக் கதவு திறந்தது. ராய்லி செப்பு வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நடைக்கு நடை உள்ளே அகப்பை வாளியில் பட்டு நடுங்கியது. 'ர்ர்ர்.'

மகளைத் தாண்டி வந்து வாளியை ஹெட்டாவிடம் நீட்டினாள்.

"நீங்க தேடி வந்தது இதைத்தாம்மா. முடிஞ்சா இவளையும் சேர்த்துக்கங்க."