துருசு அண்ணையும் பச்சைக்கடையும்

வன்னியில் துருசு அண்ணையைப் போல ஒரு பிடிவாதக்காரர் இதுவரை பிறந்ததில்லை. இனி ஒருவர் பிறந்தாலும் அந்தப் பிள்ளையோடு இவர் ஒத்துப்போக மாட்டார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்ததுதான். ஆனால் கிளிநொச்சி முழுக்க அவர் துருசு. குளங்களைப் பார்க்கிற உத்தியோகம். எந்தக் குளத்தின் துருசை, அதாவது மதகை, எப்போது திறந்து தண்ணீர் விடுவது, எப்போது இறுக்குவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கரடிப்போக்குச் சந்திக்குப் பின்பக்கம் ஒரு வீட்டின் பின் அறைகளில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம்: அவர், ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்த வவுனியாப் பொடியன் ரமணன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நான். முன்பக்கம் வீட்டுக்கார அன்ரி. அவாவுக்கு அக்கராயனில் வயல். அங்கத்தைய கமக்காரர் அமைப்புக்கு அவாதான் செயலாளர். எங்களுக்குச் சமைத்துத் தருவதும் எங்கள் சண்டைகளைத் தீர்த்து வைப்பதும் அவாவேதான்.

துருசு அண்ணையின் வாழ்க்கையில் ஒரே ஒரு சட்டம். ஒரு சாமானுக்கு ஒரு கடை. தேயிலை வாங்குகிற கடைக்காரர் மகளின் கலியாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போக, இவர் கலியாணம் முடிந்து அவர் திரும்பி வருமட்டும் வெறும் சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் அதே தேயிலை தொங்கிக்கொண்டிருந்தது.

"அதே பைக்கற்தானே அண்ணை?" என்று கேட்டேன்.

"பைக்கற் அதுதான். கடை அதில்லை."

தேயிலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் சலூனில் தலைமயிர் வெட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. மெசின் நின்றுவிட்டது. முடிவெட்டுகிறவரே பாவப்பட்டு, "அங்காலை சலூனில ஜெனரேற்றர் இருக்கு, போய் மிச்சத்தை வெட்டுங்கோ அண்ணை" என்று சொல்லியிருக்கிறார். துருசு அண்ணை போகவில்லை. இடப்பக்கம் மொட்டை, வலப்பக்கம் காடு. அந்தக் கோலத்தோடு மாவட்டக் கச்சேரியில் அதிகாரிகளின் கூட்டத்துக்குப் போய், கூட்டம் முடியுமட்டும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்து குளங்களின் நீர்மட்டத்தை வாசித்தாராம். பெரிய அதிகாரியும் ஒன்றும் கேட்கவில்லை. குளத்துக் கட்டில் ஏதோ ஆபத்து என்று நினைத்திருப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் கொம்பியூட்டரில் கேம் விளையாடத் தொடங்கினால் என்ன நடக்கும்?

பகல் முழுக்க வயல், வாய்க்கால் என்று வெயிலில் திரிந்துவிட்டு வந்து, குளித்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு பின்னேரம் கொம்பியூட்டரில் கமம் செய்வார். ஆம், கமம். உழுவது, விதைப்பது, வெட்டுவது, விற்பது என்று ஒரு கேம். ஒரே கமத்தை இரண்டு பேர் இரண்டு கொம்பியூட்டரில் இருந்து செய்யலாம். கூட்டுக்கு ரமணன். இருவருடைய அறைக்கும் நடுவில் ஒரு பலகை மறைப்புத்தான். ஆனாலும் இரண்டு பேரும் ஹெட்செட் போட்டுக்கொண்டு, ஏதோ கடல் கடந்து கதைப்பதைப் போலக் கத்துவார்கள்.

"டேய், உழவு மெசினை வரம்பில ஏத்தாதை!"

"அண்ணை, இந்த ஊரில வரம்பே இல்லை!"

"வரம்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை, பிறகு என்னண்டடா விளையுது? பொய் சொல்லுறாங்கள்!"

இனி விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கேமை யாரும் சீடித் தட்டில் வாங்குவதில்லை. இணையத்தில் கடைகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு கடையில் கேம் வாங்கினால், அந்தக் கடை தன்னுடைய வாசலையே உங்கள் கொம்பியூட்டருக்குள் கொண்டுவந்து வைத்துவிடும். அதற்குப் பெயர் லோஞ்சர். அந்த வாசலால் போனால்தான் கேம் திறக்கும். கடைகளின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லாக் கட்சிக்காரரும் கடிதம் எழுதுவார்கள். எங்கள் வீட்டில், திரையில் அந்தந்தக் கடைக்கு இருக்கிற படத்தின் நிறத்தைப் பார்த்து மஞ்சள்கடை, பச்சைக்கடை, ஊதாக்கடை என்றுதான் சொல்வோம்.

துருசு அண்ணை மஞ்சள்கடை. அவர் வாங்கிய அத்தனை கேமும் அதற்குள்தான். ரமணன் எல்லாக் கடையும். "கிழமைக்குக் கிழமை பச்சைக்கடையில சும்மா ஒரு கேம் குடுக்கிறாங்கள் அண்ணை" என்பான். "சும்மா குடுக்கிறவன் ஏன் குடுக்கிறான்? அதை யோசி முதல்" என்பார் இவர்.

அவருக்கு இந்த வெறுப்பு வந்ததற்குக் காரணம் ஊதாக்கடை. ஒருமுறை மஞ்சள்கடையில் ஒரு கப்பல் கேம் வாங்கினார். திறந்தால் மஞ்சள்கடை இவரைக் கூட்டிக்கொண்டு போய் ஊதாக்கடை வாசலில் விட்டது. ஊதாக்கடை பாஸ்வேட் கேட்டது. பாஸ்வேட் கொடுத்தால், போனுக்கு ஒரு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லு என்றது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. போனைக் கொண்டு கிணற்றடிக்கு ஓடவேண்டும். இலக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு ஓடி வருவதற்கிடையில் அது காலாவதியாகிவிடும். கடைசியில் என்னைக் கிணற்றுக்கட்டில் ஏற்றிவிட்டார். நான் அங்கே நின்று இலக்கத்தைக் கத்த, அவர் உள்ளே இருந்து அடிப்பதாக ஏற்பாடு. மூன்றாம் தரம் கத்தியபோது வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நின்றார்.

"சேர், உந்த நம்பரிலை லொத்தர் எடுக்கலாமோ?" என்று கேட்டார்.

வாசலால் உள்ளே போனபிறகு ஊதாக்கடை, கேமுக்கு முதல் தன்னைத்தானே புதுப்பிக்கவேண்டும் என்று சொல்லி, இருந்த டேற்றா முழுவதையும் இழுத்துக் குடித்துவிட்டது. கப்பலை எங்கள் வீட்டில் ஒருவரும் கண்டதில்லை. அன்றைக்கு ஊதாக்கடையைக் கொம்பியூட்டரிலிருந்து அழித்துவிட்டு துருசு அண்ணை சொன்னார்:

"இனி என்ரை மெசினுக்கை ஒரே கடை. ஒரு வாய்க்காலுக்கு ரெண்டு பேர் துருசு திறந்தா வாய்க்கால் கடைசியில இருக்கிறவனுக்குத் தண்ணி போகாது. நாங்கள் கடைசியில இருக்கிற ஆக்கள், விளங்குதோ?"

எனக்கு விளங்கவில்லை. ஓம் என்றேன்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் ரமணனுக்கு இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. வீடே சந்தோசப்பட்டது. துருசு அண்ணை, "நல்லதடா, போய் நல்லா இரு" என்று முதுகில் தட்டினார். தட்டிவிட்டு அன்று கமம் செய்யவில்லை.

அந்த நேரம் பார்த்து கமக் கேமின் புதுப்பாகம் வந்தது. வந்தது பச்சைக்கடையில் மட்டும். மஞ்சள்கடைக்கு எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ரமணன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, நான் அங்கை இருந்தும் நீங்கள் இங்கை இருந்தும் ஒண்டாச் செய்யலாம். பச்சைக்கடையை ஒருக்காப் போடுங்கோ."

"மஞ்சளுக்கு வரட்டும்."

"வராட்டி?"

"பழைய கமத்தைச் செய்வம்."

"பழைய கமம் அவ்வளவு தூரத்திலை இருந்து செய்ய ஏலாதண்ணை. இழுபடும். புதுசிலைதான் அதைச் சரியாக்கியிருக்கிறாங்கள்."

துருசு அண்ணை மஞ்சள்கடையைத் திறந்தார். ரமணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் போகப்போறன். உங்களுக்குக் கடைதான் பெரிசு, என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதையில்லை. பிட்டைத் தாங்கோ என்று கேட்பதற்கும் நான் நடுவில் வேண்டியிருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அன்ரி ஒருநாள், "ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மூண்டு பேரும் வாருங்கோ" என்று அறிவித்துவிட்டா.

கூட்டமென்றால் அவாவுக்கு ஒரே கூட்டம்தான் தெரியும். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் குளத்துக்குக் கீழே காணி உள்ளவர்கள் எல்லாரும் கூடி, எவ்வளவு விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்று கையுயர்த்தித் தீர்மானிப்பார்களே, அந்தப் பயிர்ச்செய்கைக் கூட்டம். அங்கே எடுத்த முடிவை மீறி ஒருவரும் ஒரு நெல்லும் விதைக்க முடியாது. அந்த முடிவை நடைமுறைப்படுத்துகிறவரே துருசு அண்ணைதான். ஆகையால் அவர் தப்பமுடியாது என்று அன்ரி கணக்குப் போட்டிருந்தா.

முன்விறாந்தையில் கதிரைகள் போட்டிருந்தன. இறைவணக்கம் நடந்தது. அன்ரி தலைமையுரையே ஆற்றினா.

"எனக்கு உந்தப் பச்சை மஞ்சள் ஒண்டும் தெரியாது பிள்ளையள். நெல்லுத் தெரியும். முந்தி எங்கடை பக்கம் ஒரே ஒரு மில்தான் நெல்லு எடுத்தது. ஈரம் எண்டுவினம், பதர் எண்டுவினம், வாசலிலை காக்க வைப்பினம். பிறகு இன்னொரு மில்காரன்ரை லொறி வந்துது. அடுத்த நாளே முதல் மில்லிலை, வாங்கோ அம்மா, இருங்கோ அம்மா, தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேட்டவை. அவ்வளவுதான் நான் சொல்லுவன். பச்சைக்கடையைப் போடலாம் எண்டிற ஆக்கள் இப்ப கையை உயர்த்துங்கோ."

அவாவே முதலில் கையை உயர்த்தினா. துருசு அண்ணை எழுந்து நின்றார்.

"தலைவர் மன்னிக்கோணும். குளத்துக்குக் கீழ காணி இல்லாத ஆள் கை உயர்த்தேலாது. உங்களிட்டைக் கொம்பியூட்டர் இல்லை."

அன்ரி யோசித்தா. "அது சரிதான்" என்று கையை இறக்கினா. என்னிடம் பரீட்சைத்தாள் அடிக்கிற பழைய லப்டொப் ஒன்று இருந்தது. ரமணன் கை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். துருசு அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் துரோகி என்று எழுதியிருந்தது.

"தீர்மானம் நிறைவேறிட்டுது" என்று அன்ரி கையைத் தட்டினா. பழக்கதோஷத்தில் நன்றியுரையையும் சொல்லி, எல்லாருக்கும் வாழைப்பழமும் தேத்தண்ணியும் கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டா.

"நான் தீர்மானத்துக்குக் கட்டுப்படுறன்" என்றார் துருசு அண்ணை, பழத்தை உரித்துக்கொண்டு.

ரமணன் துள்ளி எழும்பினான். "அப்ப வாங்கோ அண்ணை, இப்பவே போடுவம்!"

"பொறு தம்பி. தண்ணி திறக்கிற திகதி எங்கை?"

ரமணன் அன்ரியைப் பார்த்தான்.

"திகதி தீர்மானிக்காம எந்தக் குளத்திலை துருசு திறந்திருக்கு? இனி நன்றியுரையும் முடிஞ்சுது. அடுத்த போகக் கூட்டத்திலைதான் கதைக்கலாம்."

அன்ரி நெற்றியில் அடித்துக்கொண்டா. எத்தனையோ கூட்டம் நடத்திய மனுசி, திகதியை மறந்துவிட்டா. ரமணன் தன் அறைக்குப் போய்விட்டான். அவனுக்கு அடுத்த போகம் இங்கே இல்லை. ஒருநாள் விடியப்புறம் விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டி வந்தது, எங்களிடம் சொல்லிக்கொண்டு ஏறினான். துருசு அண்ணை அவனுடைய பெட்டியை வானில் ஏற்றிவிட்டு, கயிறு இறுக்கமோ என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அவர் மஞ்சள்கடையைத் திறப்பார். பழைய கமத்தில் தனியாக உழுவார். ரமணனின் உழவு மெசின் காணிக்கரையில் நிற்கும். அதை எடுத்தால் வேலை சுறுக்காய் முடியும். எடுக்கமாட்டார், சுற்றிக்கொண்டு போவார். ஹெட்செட்டும் போடமாட்டார். வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. எனக்கு அந்த அமைதியில் விடைத்தாள் திருத்த முடியவில்லை.

ரமணன் இங்கிலாந்திலிருந்து அன்ரியோடு மட்டும்தான் கதைப்பான். ஒருநாள் இடியப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே அவா சொன்னா:

"பொடியன் அந்தக் கேமை வாங்கி வைச்சிருக்கிறானாம். திறக்கேல்லையாம். என்னடா எண்டு கேட்டன். விளையாட ஆளில்லை அன்ரி எண்டான்."

துருசு அண்ணை சொதியை விட்டுக் குழைத்தார். குழைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அலுவலகக் குரலில், "நாளைக்குப் பின்னேரம் தண்ணி திறக்கிறம்" என்றார்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். ஸ்பீக்கரில் ரமணனின் சிரிப்பு. இவர் பச்சைக்கடையை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்.

"உது ஒரு கடையோ? வாசல் எங்கை, காசு குடுக்கிற பட்டறை எங்கை எண்டு தெரியேல்ல! வாங்கின சாமானை எங்கை வைச்சிருக்கிறாங்கள்? மஞ்சள்கடையிலை எண்டா..."

"அண்ணை, இடக்கைப் பக்கம் பாருங்கோ. இடக்கைப் பக்கம்!"

ஒருவழியாகக் கமம் திறந்தது. இரண்டு காணி, இரண்டு உழவு மெசின். துருசு அண்ணையின் மெசின் புறப்பட்டது. மற்றது அசையவில்லை. ரமணனின் சிரிப்பும் நின்றுவிட்டது.

"டேய், இருக்கிறியோ?"

"இருக்கிறன் அண்ணை. இப்பத்தான் நைட் டியூட்டி முடிச்சு வந்தனான். ஆஸ்பத்திரி வோட்டிலை ஒரு கிழவர் மோசம் போயிட்டார். அவற்றை ஆக்கள் ஒருத்தரும் வரேல்ல. உயிர் போகுமட்டும் நான்தான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். இங்கை ஆரிட்டை இதைச் சொல்லுறது? வந்த நாளிலை இருந்து மனம் திறந்து ஆரோடையும் கதைக்கேல்ல அண்ணை. இண்டைக்கு விளையாடக் கை ஓடாது போல கிடக்கு."

துருசு அண்ணை மெசினை நிற்பாட்டவில்லை.

"நீ கையை எடு. கதை. உன்ரை காணியையும் நான் உழுறன்."

ரமணன் கதைக்கத் தொடங்கினான். இவர் "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டு முதலில் அவனுடைய காணியை உழுதார், பிறகு தன்னுடையதை. அவன் கதைத்துக் கதைத்து நித்திரையாகிப்போன பிறகும் கமத்தை மூடவில்லை. நான் சத்தம் போடாமல் குசினிக்குப் போய் அந்த மனிசனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அவரில் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.