புறா கூவும் சைலன்சர்

ஜன்னல் மறுபடியும் சாத்திக்கொண்டது.

அமீர் பாஷா காரை நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்தியது போலவே நகர்த்திக்கொண்டு, தலையைத் தூக்கிப் பார்த்தான். வேலூர்க் கோட்டை அகழியைத் தாண்டி உள்ளே போகும் தெருவில், சர்தார் பாஷா வீட்டு மாடியில், வளையல் போட்ட கை ஒன்று வெளியே வந்தது. ஜன்னல் கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தது. அப்புறம் மறு பக்கம். டப்!

போன தடவையும் இப்படித்தான். அதற்கு முந்தின தடவையும் இப்படித்தான். பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது என்பது அந்த வீட்டு வழக்கம், அதில் அவனுக்கு வருத்தமில்லை. நிக்காஹ் ஆன பிறகு ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இவன் வண்டி தெருவுக்குள் நுழைந்தாலே ஜன்னலைச் சாத்தினால் என்ன அர்த்தம்?

சர்தார் பாஷா ஒரு தினுசான மனிதர். சம்பந்தம் பேசப் போன அமீரின் அக்கா ஹலீமா பீயிடம் அவர் பளிச்சென்று சொல்லிவிட்டார். "எம் பொண்ணு ஃபரீதா சரின்னா சரி. வேணாம்னா வேணாம். வர்ற வெள்ளிக்கிழமை பதில் சொல்றோம்."

ஆகவே அமீரின் வாழ்க்கை இப்போது ஃபரீதாவின் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாயை அவன் பார்த்ததில்லை. கையைத்தான் பார்த்திருந்தான். அந்தக் கையை வைத்துக்கொண்டே மிச்சப் பெண்ணையும் அவன் மனசுக்குள் முழுசாகச் செய்து முடித்திருந்தான். வேலூரிலிருந்து ஆம்பூர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கை அவனுக்கு டீ ஆற்றிக் கொடுத்தது, தலையணையைத் தட்டிப் போட்டது, பள்ளிகொண்டா ரயில்வே கேட்டில் அவன் நெற்றி வியர்வையைக்கூடத் துடைத்துவிட்டது. கேட் திறந்தது தெரியாமல் அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, பின்னால் நின்ற மாட்டு வண்டிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் ஹலீமா பீ கேட்டாள். "இன்னிக்கும் அந்தத் தெருப் பக்கம் போனியாடா?"

"பஜார்ல தோல் எறக்கற வேலை இருந்துச்சுக்கா. அப்பிடியே போனேன்."

"பஜார் எங்க இருக்குது, அந்தத் தெரு எங்க இருக்குது! இன்னா ஆச்சு?"

"சாத்திட்டாங்க."

"சாத்தாம? துரை வித்துட்டுப் போன ஓட்டை வண்டிய வாங்கிக்கினு ஊரையே எழுப்பிக்கினு போறே. அந்தப் பொண்ணு அமைதியான பொண்ணுடா. நான் போயிருந்தப்ப என்னாண்ட நாலு வார்த்தை பேசல. ஒன் சத்தத்தைக் கேட்டா பேஜாரா இருக்காதா?"

அமீருக்குச் சுருக்கென்றது. அந்தச் சத்தத்துக்கு மயங்கித்தான் அவன் வண்டியையே வாங்கியிருந்தான். ஏலகிரிப் பக்கம் காட்டு பங்களாவில் இருந்த ஒரு துரை சீமைக்குப் போகும்போது விற்றது. பெயிண்ட் போயிருந்தது, கூரையில் பொத்தல். ஆனால் ஹாண்டிலைச் சுற்றினால், 'டபடபடப' என்று அது பேச ஆரம்பிக்கும்போது அமீரின் நெஞ்சும் கூடவே பேசும். ஆனாலும் ஃபரீதாவுக்குப் பிடிக்காத சத்தம் தனக்கு மட்டும் எதற்கு?

மறுநாள் காலையில் அவன் ரத்தினசாமியிடம் போய் நின்றான்.

ரத்தினசாமி ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் இருக்கும் பம்ப் எஞ்சின்களுக்கெல்லாம் வைத்தியன். கார் என்பது சக்கரம் கட்டிய பம்ப், அவ்வளவுதான் என்பது அவன் கொள்கை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"சைலன்சர் துருப்புடிச்சி ஓட்டை வுட்டுக்கீது பாய். புதுசு பண்ணிடலாம். உனக்கு இன்னா சத்தம் வேணும், அத்த மொதல்ல சொல்லு."

"சத்தத்துல தினுசு இருக்குதா?"

"நல்லா கேட்டே போ! பொடவையில தினுசு இல்ல? இப்பிடி வா."

கொட்டகைக்குப் பின்னால் புளியமரக் கிளையில் தகர டப்பாக்களும் குழாய்களும் தொங்கின. ரத்தினசாமி ஒரு பெரிய குழாயில் வாயை வைத்து ஊதினான். பூம்ம்ம்!

"இது ஜமீன்தார் சத்தம். ஆளு பின்னாடிதான் வருவான், மரியாதை முன்னாடி வந்து நிக்கும்."

"வேணாம். அவங்க பயந்துடுவாங்க."

ரத்தினசாமி இன்னொன்றை எடுத்தான். தடதடவென்று நிற்காமல் வந்தது. "இது வக்கீல் சத்தம். சும்மா கெடக்கும்போதுகூட வாதாடிக்கினே இருக்கும்."

"அய்யய்ய, இது வேற வம்பு."

"அப்ப இத்த கேளு." அவன் ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் துடைத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினான். குர்ர்ர்... குர்ர்ர்...

"புறா," என்றான் அமீர். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. மூடிய கண்ணுக்குள் மாடி ஜன்னல் இரண்டு பக்கமும் திறந்தது. கை வெளியே நீண்டது, உள்ளங்கையில் நாலு கோதுமை மணி. அமீர் காரோடு சேர்ந்து பறந்து போய் அந்த ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தான்.

"பாய்! பாய்! தூங்கிட்டியா?"

"புறாவையே மாட்டு, ரத்தினசாமி."

புறா நன்றாகத்தான் கூவியது. பாலாற்று மணலை ஒட்டிப் போன சாலையில் அந்த வண்டி குர்ர் குர்ர் என்று போனபோது அமீருக்குச் சொர்க்கம் ரொம்ப தூரமில்லை என்று தோன்றியது. ஆனால் சத்தத்தை மெதுவாக்க ரத்தினசாமி டப்பாவுக்குள் தேங்காய் நாரைத் திணித்திருந்தான். வேலூர் வந்து சேர்வதற்குள் சூடு ஏறி நார் கருகிவிட்டது. சர்தார் பாஷா வீட்டுக்கு நேரே வந்ததும் புறா ஒரு தடவை விக்கியது, இரண்டு தடவை இருமியது, பிறகு வயிற்றில் இருந்த கரிநாரை எல்லாம் தெருவில் துப்பியது.

அந்த நேரம் பார்த்துத்தான் சர்தார் பாஷா வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பி வாசலில் இறங்கினார். இறங்கும்போது வெள்ளையாக இருந்தார்.

"யாரு தம்பி அது?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அமீர் தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளித்துக்கொண்டான். மாடியில் கை வந்தது. டப்!

மறுநாள் ஹலீமா பீ இடுப்பில் கை வைத்து நின்றாள். "வேலூர்லேர்ந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. வெள்ளிக்கிழமை பதில் நிச்சயமாம். 'நிச்சயம்'னு எதுக்குடா சொல்றாங்க? அவர் மூஞ்சியில கரி அடிச்சது நீதான்னு தெரிஞ்சிருக்குமோ?"

"அக்கா, நீ வேற பயமுறுத்தாதே."

ரத்தினசாமிக்கு இதிலெல்லாம் கலக்கமே கிடையாது. "தப்பு நாரு மேலதான் பாய், எம்மேல இல்ல. அடைச்சி வெச்சா எந்த உசிரும் கக்கத்தான் செய்யும். தாராளமா வுடணும்." சொல்லிக்கொண்டே எங்கிருந்தோ ஒரு பழைய கிராமபோன் புனலைக் கொண்டுவந்து குழாயின் முனையில் பொருத்திவிட்டான். "சங்கீதம் பாடின புனல் இது. இதுல கெட்ட சத்தம் வரவே வராது."

கெட்ட சத்தம் வரவில்லை என்பது உண்மைதான். ஆழமாக, இழுத்து, மனசை உருக்குகிற மாதிரி ஒரு 'ம்ம்ம்...' வந்தது. அமீருக்கு அழுகையே வந்துவிட்டது. ஃபரீதா இதைக் கேட்டால் கல்லாக இருந்தாலும் கரைவாள் என்று நினைத்தான். தன் மனசில் இருப்பதை வண்டியே சொல்லிவிடுகிறது, இனி தான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று எண்ணியபடி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாதிக் கனவில் போனான்.

பள்ளிகொண்டா தாண்டி ஏரிக்கரையில் ஓர் எருமை தலையைத் தூக்கியது. காணாமல் போன கன்று கூப்பிடுகிறது என்று அது நினைத்திருக்க வேண்டும். கரையேறி வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தது. அது போவதைப் பார்த்து அதன் சொந்தபந்தம் எல்லாம் எழுந்து வந்தன. அந்த வண்டியின் வேகத்துக்கு எருமை ஈடுகொடுக்க முடியுமா என்று கேட்கக்கூடாது. தாராளமாக முடிந்தது.

தோல் வியாபாரிக்குப் பின்னால் மாடுகள் தாங்களே விருப்பப்பட்டு ஊர்வலம் வருவதை வேலூர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது.

"இன்னா பாய், உசுரோடவே ஓட்டிக்கினு வந்துட்டே?" என்று பஜாரில் ஒருவன் கத்தினான். சிரிப்பு அலை அலையாக வந்தது. அமீர் கனவு கலைந்து திரும்பிப் பார்த்தபோது வண்டி சர்தார் பாஷா வீட்டு வாசலில் நின்றிருந்தது. தெரு முழுக்க எருமை. முன்னால் வந்த எருமை புனலை நாக்கால் நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மேலே டப்!

"முடிஞ்சிடுச்சு," என்றான் அமீர் அன்று சாயங்காலம், ரத்தினசாமியின் கொட்டகையில் கவிழ்த்த டப்பா மேல் உட்கார்ந்துகொண்டு. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவங்க வேணாம்னுதான் சொல்லப்போறாங்க. எனக்கு நல்லாத் தெரியுது."

ரத்தினசாமிக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான்.

"பாய், சத்தம்தானே அவங்களுக்கு ஆகல? சத்தமே இல்லாம போனா?"

"சத்தமே இல்லாம கார் எப்பிடி ஓடும்?"

"ஓடாது. தள்ளணும்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே புனலைக் கழற்றிவிட்டுக் கிளம்பினார்கள். வழக்கம்போல பஜாருக்குத் தோல் கட்டுகளும் ஏறின, கட்டுகளுக்கு மேல் ரத்தினசாமியும் ஏறினான். கோட்டை அகழி வரைக்கும் எஞ்சின் ஓடியது. அங்கே அமீர் அதை நிறுத்தினான். இருவரும் இறங்கினார்கள். அமீர் கதவோரம் நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ள, ரத்தினசாமி பின்னால் தோளைக் கொடுத்தான்.

அகழித் தண்ணீரில் வெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு அடியில் மண் நொறுங்குவதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. வண்டி தண்ணீரில் விட்ட காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனது. தெருவில் ஒரு பூனை தின்பண்டக் கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது, அதுகூட விழிக்கவில்லை. தாங்கள் உண்மையிலேயே தள்ளிக்கொண்டு போகிறோமா, கனவில் போகிறோமா என்று அமீருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டான். ரத்தினசாமி இருமல் வந்ததைக்கூட முழுங்கினான்.

வீடு வந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

அமீர் அண்ணாந்து பார்த்தான். நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் மாடிக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து கையால் அதையும் அமுக்கிப் பிடித்தான். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கை வந்தது. ஒரு பக்கம். மறு பக்கம். டப்! இந்தத் தடவை தாழ்ப்பாள் போட்டதும் கேட்டது.

அமீர் வண்டியின் மிதிபலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் அழுவதை ரத்தினசாமி அதற்கு முன் பார்த்ததில்லை.

"சத்தம் இல்ல ரத்தினசாமி. என்னையேதான் புடிக்கல. இத்தினி நாளா பாவம் அந்தச் சைலன்சர் மேல பழியப் போட்டுக்கினு இருந்தேன். வா, போலாம். அவங்க வாயால வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி நாமளே வேணாம்னு சொல்லி அனுப்பிடலாம். அவங்களுக்கும் சங்கடம் இல்ல."

"சும்மா இரு பாய், அவசரப்படாதே."

வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டில் ரொம்ப நாளாக வேலை செய்யும் சவுரியம்மாள், வயசான அம்மாள், முந்தானையால் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியபடி வெளியே எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து அமீர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரத்தினசாமிக்குத்தான் பொறுக்கவில்லை. நேரே போய் நின்றான்.

"ஏம்மா, நியாயமா சொல்லு. எஞ்சினை நிறுத்திட்டு, செருப்பக்கூட கழட்டிப் போட்டுட்டு, நாயாட்டம் தள்ளிக்கினு வந்தோம். இப்பவும் சாத்திட்டீங்களே, அப்பிடி இன்னா சத்தம்மா கேட்டுது உங்க வூட்டுப் பொண்ணுக்கு?"

"சத்தமா? அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே பாப்பா ஓடியாந்து ஜன்னலத் தொறக்கும், கட்டிக்கிறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு, இன்னிக்கு காலையிலேர்ந்தே தொறந்து வெச்சும் வண்டிச் சத்தத்தைக் காணோமேன்னு உள்ள அழுதுக்கினு கீது. சாத்தறது நான்தான் பாய், ஒங்க தோல் நாத்தம் தாங்கல!"