அன்பு மீண்டும் நிகழாமல் தடுக்கும் முறை

ஹினோசே ஊர்க் கல்விக் குழு அந்த ஆண்டை ‘அன்புப் பெருக்க ஆண்டு’ என்று அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு தண்ணீர்ச் சிக்கன ஆண்டு. அதற்கும் முந்தையது முதுகை நிமிர்த்தி உட்காரும் ஆண்டு. இரண்டிலும் ஹினோசே நடுநிலைப் பள்ளி கடைசி இடத்தைத் தவறவிட்டதில்லை. இந்த முறையாவது மானம் காக்க வேண்டும் என்று துணைத் தலைமையாசிரியர் மிசோகுச்சி உறுதி எடுத்துக்கொண்டார்.

பள்ளியில் உறுதி எடுத்துக்கொள்ள வேண்டியவர் அவர் ஒருவர்தான். தலைமையாசிரியர் அந்தக் கல்வியாண்டு முடியும் மார்ச்சில் ஓய்வு பெறப் போகிறவர். எதைச் சொன்னாலும் “ம், பார்த்துக்குங்க” என்பார். காலையில் முதலில் வந்து பூட்டைத் திறப்பது, தொலைபேசி எடுப்பது, எல்லாக் காகிதத்திலும் முத்திரை வைப்பது ஆகிய மூன்றும் மிசோகுச்சியின் பொறுப்பு. அந்த முத்திரையையும் நேராக வைத்துவிட முடியாது. மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்து வணங்குவதுபோலக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் சாய்த்துச் சாய்த்து அவருடைய கழுத்தும் லேசாகச் சாய்ந்துவிட்டது.

இந்த நிலையில், ஜூன் மாத மழையில், ஒரு குற்றம் நடந்தது.

பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஜமைக்காவிலிருந்து வந்திருந்தவர் கிளாடெட். அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பியபோது அவரிடம் குடை இல்லை. காலணி அலமாரியைத் திறந்தால் அதில் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. ‘பயன்படுத்திக்கொள்ளவும்’ என்று ஒரு துண்டுச் சீட்டு. பெயர் இல்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் கிளாடெட் குடையைத் தூக்கிக் காட்டினார்.

“இது யாரோடது? திருப்பித் தரணும். நல்லா நன்றி சொல்லணும்.”

பதினான்கு ஆசிரியர்களும் குனிந்து, பள்ளிக்குள் மட்டும் போடும் தங்கள் உள்காலணிகளைப் பார்த்தார்கள். மிசோகுச்சி எல்லாரையும்விட ஆழமாகப் பார்த்தார். காரணம், குடை அவருடையது. முந்தின நாள் தொப்பலாக நனைந்து வீடு போய்ச் சேர்ந்தவரும் அவர்தான். அந்தப் பள்ளியில் தினமும் காலையில் அவருடைய முகத்தைப் பார்த்து “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்கும் ஒரே ஆள் கிளாடெட். அந்தக் கேள்விக்கு ஒரு குடைகூடத் தராவிட்டால் எப்படி என்று நினைத்திருந்தார். ஆனால் அதை எழுந்து நின்று சொல்வதென்றால் அவருக்கு உயிர் போய்விடும்.

“உங்க கோட்டு ஏன் சார் ஈரமா இருக்கு?” என்றாள் கினுயோக்கா. பள்ளியைப் பெருக்கி, தோட்டம் பார்த்து, தேநீர் போட்டு, எல்லாருடைய வண்டவாளமும் தெரிந்து வைத்திருப்பவள்.

“துவைச்சேன்” என்றார் மிசோகுச்சி.

இத்துடன் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அன்று பத்து மணிக்குக் கல்விக் குழுவின் சுற்றறிக்கை வந்தது. அயல்நாட்டு ஆசிரியர்கள் அன்பு குறைந்த இடங்களில் வாடக் கூடாது என்று குழு கவலை கொண்டிருந்தது. ஆகவே அவர்கள் பணிபுரியும் ஒவ்வொரு பள்ளியும் நவம்பர் முடிவதற்குள் குறைந்தது பன்னிரண்டு அன்பு நிகழ்வு அறிக்கைகளை அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். ஹினோசேயைப் பொறுத்தவரை அந்த வேறு பள்ளி, மலைக்கு அந்தப் பக்கம், ஒரு நாளைக்கு இரண்டே பேருந்து போகும் தொகேகாவா.

“நான் இங்கயே இருக்கணும் சார்” என்றார் கிளாடெட். “இப்பதான் எனக்கு எல்லார் பேரும் பாடமாகியிருக்கு. தொகேகாவால யாரைத் தெரியும் எனக்கு?”

“நான் இருக்கேன் டீச்சர், கவலைப்படாதீங்க” என்று மிசோகுச்சி பேனாவைத் திறந்தார்.

அன்பு அறிக்கைக்கென்று புதுப் படிவம் அச்சடிக்கக் குழுவுக்கு நேரம் இருக்கவில்லை. விபத்து அறிக்கைப் படிவத்தையே எடுத்து, ‘விபத்து’ என்ற இடத்திலெல்லாம் கோடு போட்டு ‘அன்பு’ என்று திருத்தியிருந்தார்கள். ஆகவே, அன்பு ஏற்பட்ட நேரம், அன்புக்கு ஆளானவர், அன்பு ஏற்படக் காரணமான கவனக்குறைவு ஆகிய எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கடைசிக் கட்டம்: ‘இத்தகைய அன்பு மீண்டும் நிகழாமல் தடுக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை.’

மிசோகுச்சி அன்பு செய்தவர் பெயர் என்ற கட்டத்தில் ‘விசாரணை தொடர்கிறது’ என்று எழுதினார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினார். மறுநாளே தொலைபேசி அடித்தது. கல்விக் குழுவின் அன்புப் பிரிவு அலுவலர் குவாபரா.

“சார், கடைசிக் கட்டம் காலியா இருக்கே.”

“அன்பு மறுபடியும் நடக்கக் கூடாதுன்னா நினைக்கிறீங்க?”

“நான் ஒண்ணும் நினைக்கல சார். படிவம் நினைக்குது.”

“அப்ப படிவத்தை மாத்தலாமே?”

“தாராளமா. படிவம் மாற்றக் கோரும் படிவம்னு ஒண்ணு இருக்கு. அனுப்புங்க, பரிசீலிப்போம்.”

மிசோகுச்சி அனுப்பினார். கடைசிக் கட்டத்தில் ‘நிகழாமல் தடுக்க’ என்பதை எடுத்துவிட்டு ‘மீண்டும் மீண்டும் நிகழ’ என்று போடும்படி பணிவுடன் கோரினார். பரிசீலனை தொடங்கியது. அதுவரை காலிக் கட்டத்தோடு போகும் அறிக்கை கணக்கில் வராது. வேறு வழியில்லாமல் அவர் எழுதினார்: ‘குடைத் தாங்கி பூட்டப்பட்டது. சாவி துணைத் தலைமையாசிரியர் வசம்.’ எழுதியதைச் செய்யாமல் இருப்பது அவர் பரம்பரையில் இல்லை. அன்று மாலையே பூட்டு வந்தது.

ஜூலையில் வெள்ளரிக்காய் தொடங்கியது. வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் அந்த மாதத்தில் அவற்றை என்ன செய்வதென்று தெரியாது. காலையில் வந்தால் கிளாடெட்டின் மேசையில் ஏழு வெள்ளரிக்காய் இருக்கும். கூடவே, உப்பில் எப்படி ஊற வைப்பது என்று படம் வரைந்த சீட்டு. இரண்டாம் அறிக்கை போனது. தடுப்பு நடவடிக்கை: ‘ஒரு விரலுக்கு மேல் நீளமான காய்கள் ஆசிரியர் அறைக்குள் வரத் தடை.’ அடுத்த வாரம் குட்டித் தக்காளி வந்தது. அது மூன்றாம் அறிக்கை; சின்னக் காய்களுக்கும் தடை.

அயல்நாட்டுக்காரருக்குப் பள்ளியின் உள்காலணி பத்தவில்லை, குதிகால் வெளியே நின்றது. மனையியல் ஆசிரியை பெரிதாக ஒரு ஜோடி தைத்துக் கொண்டுவந்தாள். நான்காம் அறிக்கையின்படி, இனிப் பள்ளி வளாகத்தில் யாரும் யாருடைய பாதத்தையும் உற்றுப் பார்க்கக் கூடாது.

பேருந்து ஓட்டுநர் விஷயம் கொஞ்சம் சிக்கல். கிளாடெட் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் அந்த மனிதர் வண்டியை எடுப்பதில்லை. மிசோகுச்சி நேரில் போய்க் கேட்டார்.

“நீங்க டீச்சருக்காகக் காத்திருக்கீங்களாமே?”

“யார் சொன்னது? நான் கண்ணாடி தொடைச்சிட்டிருந்தேன்.”

“தினமுமா?”

“தினமும் அழுக்காகுதே!”

அதுவும் அறிக்கையானது. தடுப்பு நடவடிக்கையாகப் பள்ளி சார்பில் அந்தக் கண்ணாடியைக் காலையிலேயே துடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. துடைத்தவர் மிசோகுச்சி.

இப்படி அக்டோபர் முடிவில் பதினோரு அறிக்கை சேர்ந்தது. பதினோரு அன்பும் ஒழிந்தது. எல்லாருமாகப் பள்ளியைச் சுத்தம் செய்யும் நேரத்தில் மாணவிகள் கிளாடெட்டின் வாளியைத் தூக்கித் தருவதில்லை. மேசையில் காயோ பழமோ இல்லை. எல்லாரும் அவரைப் பார்த்ததும் எதையோ மறந்தவர்கள்போல வேறு பக்கம் திரும்பி நடந்தார்கள்.

“என் மேல எல்லாருக்கும் கோபமா சார்?” என்று கேட்டார் கிளாடெட்.

“இல்லை டீச்சர். உங்களை இங்கயே வெச்சுக்கத்தான் இவ்வளவும்.”

சொல்லும்போதே மிசோகுச்சிக்கு வெட்கமாக இருந்தது. அன்று காலை அந்தப் பெண் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கவில்லை. மறந்திருப்பார் என்று மனதைத் தேற்றிப் பார்த்தார். தேறவில்லை.

“பதினொண்ணு ஆச்சு. பன்னிரண்டாவதுக்கு எங்க போவீங்க?” என்றாள் கினுயோக்கா. “ஒண்ணு விடாமத் தடை போட்டாச்சே. இன்னும் மூச்சு விடறதுதான் பாக்கி.”

நவம்பர் கடைசி நாள் குவாபரா நேரில் வந்தார். காலையில் நல்ல வெயில். குழு அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. பொடிநடையாகவே வந்துவிட்டார்.

“பன்னிரண்டாவது அறிக்கை, சார்?”

“இல்லை.”

“ஒண்ணுதானே சார், ஏதாவது சின்னதா?”

“சின்னதுக்கும் தடை இருக்கு. மூணாவது அறிக்கை.”

குவாபரா வருத்தத்துடன் தலையாட்டினார். “விதி விதிதான். ஏப்ரல்ல டீச்சர் தொகேகாவா” என்று எழுந்தார். அதே நேரத்தில், அந்தக் கடற்கரை ஊர்களின் வழக்கப்படி, சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது.

குவாபரா வாசலில் நின்று குடைத் தாங்கியைப் பார்த்தார். உள்ளே ஒன்பது குடைகள். வெளியே ஒரு பூட்டு.

“சாவி...”

“என் சட்டைப்பையில இருக்கு சார்.”

“கொஞ்சம் திறந்தீங்கன்னா...”

“முதல் அறிக்கையை மீறினதா ஆகும். அதுல உங்க முத்திரையும் இருக்கு.”

குவாபரா யோசித்தார். தன் முத்திரையைத் தானே மீறுவதற்கு அவரிடம் படிவம் இல்லை. முறைப்படி வணங்கிவிட்டு மழைக்குள் இறங்கினார். வாயிற்கதவுவரைகூடப் போகவில்லை. சேற்றில் வழுக்கி, கோப்பும் அவருமாக மல்லாந்து விழுந்தார்.

“விபத்து!” என்று கத்தினாள் கினுயோக்கா. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. “விபத்துன்னா முதலுதவி. முதலுதவிக்குத் தடை இல்லை!”

ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. நான்கு பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். மனையியல் ஆசிரியை துண்டு கொண்டுவந்தாள். விளையாட்டு ஆசிரியர் தன் உடற்பயிற்சி உடையைக் கழற்றித் தராத குறை. அடுப்பருகே உட்காரவைத்துப் பாதத்தைத் தேய்த்துவிட்டார்கள், நன்றாக உற்றுப் பார்த்தே. ஊறிய வெள்ளரிக்காய் எங்கிருந்தோ முளைத்தது. கினுயோக்கா சிவப்புப் பயற்றின் இனிப்புக் கஞ்சியில் மோச்சி என்ற சுட்ட அரிசிக் கட்டி இரண்டு போட்டு நீட்டினாள்.

கிளாடெட் கேட்டார்: “சாப்பிட்டீங்களா சார்?”

குவாபராவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்புப் பிரிவில் அலுவலராகச் சேர்ந்த பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, “சார், இதையே எழுதிடுங்களேன்! பன்னிரண்டாவது! டீச்சர் இங்கயே இருக்கலாம்” என்றார்.

மிசோகுச்சி பாய்ந்துபோய்ப் படிவத்தை எடுத்தார். கடகடவென்று கட்டங்கள் நிறைந்தன. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

“என்ன எழுதப் போறீங்க?” என்றாள் கினுயோக்கா. “இனிமே நனைஞ்சு வர்றவனுக்குத் துண்டு தரக் கூடாதுன்னா? கஞ்சி ஊத்தக் கூடாதுன்னா?”

மிசோகுச்சி கிளாடெட்டைப் பார்த்தார். இந்த ஒரு வரி எழுதினால் இவர் இருப்பார். ஆனால் எப்படிப்பட்ட பள்ளியில் இருப்பார்? பேனாவை மூடினார். படிவத்தை நான்காக மடித்து அடுப்பில் போட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் எரித்த முதல் காகிதம் அது.

பிறகு அலமாரியைத் திறந்து, கோடு போடாத, அசல் விபத்து அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்தார்.

விபத்துக்கு ஆளானவர்: அலுவலர் குவாபரா. காரணமான கவனக்குறைவு: குடைத் தாங்கி பூட்டியிருந்தது. மீண்டும் நிகழாமல் தடுக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை: ‘பூட்டு நீக்கப்பட்டது. வருவோர் போவோருக்குக் குடை தர, நிரந்தரக் குடைப் பொறுப்பாளராகக் கிளாடெட் ஆசிரியர் நியமிக்கப்பட்டுள்ளார். இவ்வட்டாரத்தில் மழை பெய்யும் காலம்வரை இவரை இடமாற்றம் செய்வது பாதுகாப்புக்கு உகந்ததன்று.’

“விபத்து அறிக்கையைக் குழு மறுக்க முடியுமா?” என்று கேட்டார்.

“மறுத்தா அடுத்த விபத்துக்கு மறுத்தவர்தான் பொறுப்பு” என்றார் குவாபரா தும்மிக்கொண்டே. “இதுவரை எவனும் மறுத்ததில்லை.” சொல்லிவிட்டு, ஈரக் கையால் தானே முதல் முத்திரையை வைத்தார். மிசோகுச்சியும் வைத்தார். சாய்க்க மறந்துவிட்டாரோ என்னவோ, அது நேராக விழுந்தது.

அதன்பின் அந்தப் பள்ளியில் அன்பு என்பது அறவே நிகழவில்லை. விபத்துகள்தான் நிகழ்ந்தன. சிறிய உள்காலணியால் இடறல். தடுப்பு நடவடிக்கை, பெரிய காலணி. பேருந்தை நோக்கி ஓடியதில் மூச்சு வாங்கல். தடுப்பு நடவடிக்கை, பேருந்து நிற்கும். காய்கறிக் குறைவால் சோர்வு; தடுப்பு நடவடிக்கை, நாளுக்கு ஏழு வெள்ளரிக்காய், பருவம் இல்லாத மாதங்களில் ஊறுகாயாக. மார்ச்சுக்குள் முப்பத்தொரு விபத்துகள். வட்டாரத்தின் மிக ஆபத்தான பள்ளி ஹினோசே என்று குழுவின் இதழில் செய்தி வந்தது. மிசோகுச்சி அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார். முதன்முதலாக ஏதோ ஒன்றில் முதலிடம்.

ஏப்ரலில் குழுவிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. ‘தங்கள் கோரிக்கை பத்து மாதப் பரிசீலனைக்குப் பின் மகிழ்ச்சியுடன் ஏற்கப்பட்டது’ என்று தொடங்கியது கடிதம். ஜூனில் அனுப்பிய படிவ மாற்றக் கோரிக்கை. ஆனால் அதற்குள் அன்புப் பெருக்க ஆண்டு முடிந்து அன்புப் படிவமே ஒழிந்துவிட்டது. ஏற்றுக்கொண்ட திருத்தத்தை வீணாக்கக் கூடாதென்று அதை விபத்துப் படிவத்தில் போட்டிருந்தார்கள். ஊரின் எல்லாப் பள்ளிகளுக்கும் இனி இதுதான். கடைசிக் கட்டம் இப்போது இப்படி இருந்தது: ‘இத்தகைய விபத்து மீண்டும் மீண்டும் நிகழ எடுக்கப்பட்ட நடவடிக்கை.’

மிசோகுச்சி அதைக் காலைக் கூட்டத்தில் நிதானமாகப் படித்துக் காட்டினார். வெளியே மழை.

“விதி விதிதான்” என்றார். “இன்னிக்கு யார் விழறீங்க?”

பதினான்கு கைகளும் உயர்ந்தன. கிளாடெட்டும் தூக்கினார். “நீங்க குடைப் பொறுப்பாளர். நீங்க நனையக் கூடாது” என்று கினுயோக்கா அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

தொலைபேசி அடித்தது.

“சார், குவாபரா பேசறேன். கினுயோக்காகிட்ட கஞ்சியை அடுப்புல ஏத்தச் சொல்லுங்க. நாங்க கிளம்பிட்டோம்.”

“நாங்கன்னா?”

“குழுத் தலைவர், இரண்டு உறுப்பினர், நான். யாரும் குடை எடுத்துக்கல. ஒரு சந்தேகம் சார், வாசல்ல அந்தச் சேறு இன்னும் இருக்கில்ல?”

மிசோகுச்சி சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதினார்: ‘சேறு பராமரிக்கப்பட்டு வருகிறது.’